தூளிச் சேலைகளில் சயனோடைப்: ஐந்து முயற்சி, மூன்று சேலை

கண்காட்சி இருபத்தொரு நாள் நடந்து முடிந்து, சேலைகளைக் கழியிலிருந்து இறக்கியாயிற்று. தாய்மை, முதுமை, மாற்றம் மூன்றையும் ஒரே பொருளில் காட்ட வேண்டும் என்பது கலைஞரின் எண்ணம். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது தூளி. பாட்டி, அம்மா, தான் என மூன்று தலைமுறையும் பிள்ளையைப் போட்டு ஆட்டிய மூன்று பருத்திச் சேலைகள். அவற்றின் மேல் பாலாடை, ஊக்கு, கிலுகிலுப்பை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை இவற்றின் நிழலை வெயிலைக்கொண்டே பதிக்க வேண்டும். பூச்சு, அச்சு, அலசல், தொங்கவிடுதல் நான்கும் எங்கள் வேலை. காகிதத்தில் சயனோடைப் செய்யக் குறிப்புகள் ஏராளம் கிடைக்கின்றன. நைந்துபோன ஐந்தரை மீட்டர் துணியில் செய்யும்போது எதெது கெடும் என்பது அவற்றில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சயனோடைப் என்பது பழைய கட்டட வரைபடங்களின் நீல அச்சுதான். இரும்பு உப்புக் கரைசல் பூசிய பரப்பில் வெயில் பட்ட இடம் நீலமாகும், பொருளின் நிழல் விழுந்த இடம் கழுவியதும் வெள்ளையாக நிற்கும். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அப்படியே தாளில் வைத்து அச்செடுத்தார். கேமரா வேண்டாம், பூசியபின் வெயிலும் தண்ணீரும் போதும். இந்த வேலையில் எங்களைக் கெடுத்ததும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

அசல் சேலைகளில் நேராகக் கைவைக்கவில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் இரண்டு பருத்திச் சேலைகள் தலா 60 ரூபாய்க்கு வாங்கி அவற்றில் பழகினோம். இரண்டுமே பாழாயின. அவை பாழாகாமல் இருந்திருந்தால் பாட்டியின் சேலை பாழாகியிருக்கும்.

துணி

முதலில் நூல் சோதனை. ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் நுனியில் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும். கலப்புத் துணியின் துண்டு ஒன்றில் பூசிப் பார்த்தோம்: வெயிலில் நன்றாக நீலமானது, தண்ணீரில் போட்டதும் பாதி கழன்று போனது.

கஞ்சி, சொட்டு நீலம், துணி சோப்பு மூன்றும் பழைய சேலையில் இழைக்குள் ஊறிக் கிடக்கும். வெள்ளைச் சேலைக்கு லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடா போட்டு, கை பொறுக்கும் சூட்டில் அரை மணி ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுத்தோம். கொதிக்கவைக்கவில்லை, நைந்த இழை தாங்காது. அம்மாவின் சேலை வெளிறிய சுங்குடி. சோடா பட்டால் மிச்சமிருக்கும் சாயமும் போய்விடும் என்பதால் அதற்குப் பூந்திக்கொட்டை மட்டும். சேலை காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு நொடியில் உறிஞ்ச வேண்டும். உருண்டு நின்றால் இன்னும் கஞ்சியோ எண்ணெயோ இருக்கிறது.

இங்கே கலைஞரோடு நீண்ட பேச்சு நடந்தது. தூளியின் அடிவயிற்றில், பிள்ளை கிடந்த இடத்தில், எண்ணெய்க் கறை உண்டு. எண்ணெய் இருந்தால் கரைசல் ஏறாது, அந்த இடம் வெளுத்து நிற்கும். வேலை பார்ப்பவர் கண்ணுக்கு அது குறை. அமெரிக்கக் கலைஞர் மேரி கெல்லி 1970களில் தன் மகனின் அணையாடைத் துணியைக் கறையோடு சட்டமிட்டு, 1976இல் லண்டனில் காட்சிக்கு வைத்ததைக் கலைஞர் எடுத்துச் சொன்னார். கறை இருக்கட்டும் என்று முடிவானது. அது சரியான முடிவு. தொங்கவிட்ட பிறகு மூன்று சேலையிலும் பார்வையாளர்கள் முதலில் கைநீட்டிக் காட்டியது அந்த வெளிறிய திட்டைத்தான்.

சலவைச் சோடா போட்டால் அதைத் துணியிலிருந்து முழுக்க வெளியேற்ற வேண்டும். காரம் மிச்சமிருந்தால் நீலம் நிற்காது. இதைச் சோதிக்க மஞ்சள் தண்ணீரை நம்பினோம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதே கணக்கு. துணியில் ஒரு சொட்டு விட்டால், காரம் இருக்குமிடம் சிவக்க வேண்டும். சோடா அதிகமாக இருக்கும்போது இது சரியாகவே காட்டுகிறது. ஆனால் எங்கள் போர்த் தண்ணீரின் பிஎச் 8. அந்த அளவு லேசான காரத்துக்கு மஞ்சளின் நிறம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது என்று அந்தத் தண்ணீரிலேயே அலசி, அந்தத் தண்ணீரிலேயே கழுவியும் விட்டோம். முதல் சேலை போனதற்குப் பாதிக் காரணம் இது. 90 ரூபாய் பிஎச் தாள் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள். இப்போதைய முறை: கடைசி அலசலில் லிட்டருக்கு 2 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), அதன்பின் கேன் தண்ணீரில் ஒரு முங்கு.

கரைசலும் பூச்சும்

முதல் கரைசல்: 100 மி.லி. வாலை வடிநீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். இதில் பச்சை, பழுப்பு என இரண்டு வகை கடையில் உண்டு; பச்சையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் கரைசல்: 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனிப் பழுப்புப் பாட்டிலில் வைத்து, பூசும் நேரத்தில் சம அளவு கலக்க வேண்டும். முதல் கரைசலில் ஒரு வாரத்தில் பூஞ்சை படரும்; மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும்.

எங்கள் சேலைகள் ஒவ்வொன்றும் காய்ந்த நிலையில் 430 முதல் 460 கிராம். ஒரு சேலைக்கு 600 மி.லி. கலவை சரியாக இருந்தது. அதாவது 75 கிராம் சிட்ரேட், 30 கிராம் ஃபெரிசயனைடு. பிளாஸ்டிக் தொட்டியில் மட்டும் செய்யுங்கள். இரும்பு, அலுமினியம் கூடாது, சமையல் பாத்திரம் கூடவே கூடாது. ஃபெரிசயனைடு இருக்கும் இடத்தில் கழிவறை கழுவும் ஆசிட் போன்ற கடும் அமிலம் எதையும் வைக்காதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் சயனைடு வாயு வரும். எலுமிச்சை உப்பின் அளவுக்கு அந்தப் பயம் இல்லை. கையுறை கட்டாயம்.

அறையில் ஜீரோ வாட்ஸ் மஞ்சள் பல்பு ஒன்று. சேலையை முக்கிப் பிழிந்து, முதல் முறை கொடியில் தொங்கவிட்டோம். பெரிய தப்பு. கரைசல் மெல்ல இறங்கிக் கீழோரத்தில் தேங்கி, ஒரு சாண் அகலத்துக்குக் கருத்த பட்டை விழுந்தது; மேல் பகுதி சோகை பிடித்தாற்போல் வெளுத்தது. அடுத்ததிலிருந்து பாலித்தீன் விரிப்பின் மேல் பழைய போர்வை, அதன் மேல் சேலையைப் படுக்கையாக விரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினோம். மின்விசிறியில் ஒன்றே முக்கால் மணியில் காய்ந்தது. காய்ந்த பூச்சு எலுமிச்சைப் பச்சையாக இருக்க வேண்டும். நீலம் தட்டியிருந்தால் ஈரமோ வெளிச்சமோ பட்டுவிட்டது என்று பொருள். பூசிய துணியை மறுநாளுக்கு வைக்காதீர்கள். காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

மொட்டைமாடியில்

மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வருகிறது. கடிகாரத்தில் அது பன்னிரண்டு மணி அல்ல, 12.18. இதைக் கவனிக்காமல் காலை ஒன்பதரைக்கு ஒரு சோதனை செய்தோம். 4 செ.மீ. உயரப் பாலாடையின் நிழல் மூன்றரை செ.மீ. சாய்ந்து, மூக்கு எது கிண்ணம் எது என்று தெரியாமல் குழம்பிவிட்டது. 12.12க்குத் திறந்து 12.24க்கு மூடியபோது விளிம்பில் இரண்டு மி.மீ. மங்கல் மட்டுமே. உயரமான பொருளுக்கு உச்சி வெயில்தான் வேண்டும். ஊக்கு, மாத்திரை அட்டை போன்ற தட்டையானவற்றுக்கு எந்த நேரமானாலும் பரவாயில்லை.

12 நிமிடம் என்பது துண்டுச் சோதனையில் கிடைத்த கணக்கு. ஐந்து துண்டுகளுக்கு 4, 8, 12, 16, 20 நிமிடம் கொடுத்துக் கழுவினோம். 8இல் நீலம் மெலிவு, 16க்கு மேல் வெள்ளை நிழலுக்குள்ளும் நீலம் கசிந்தது. வெயிலில் துணி பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரும். அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பதறி மூடிவிடக்கூடாது; கழுவியதும் நீலம் திரும்பும்.

ஐந்தரை மீட்டரை வெயிலில் விரித்து அதன் மேல் பொருள்களை அடுக்க முடியாது. முதல் பொருளை வைத்துக் கடைசிப் பொருளுக்கு வருவதற்குள் ஆறு நிமிடம் ஆகிவிடுகிறது, அதற்குள் பாதி அச்சு விழுந்துவிடும். தச்சரிடம் இரவல் வாங்கிய 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகைதான் கைகொடுத்தது. மாடிப்படி அறையின் இருட்டில் பலகைமேல் சேலையின் ஒரு பாதியை விரித்து, மறுபாதியைக் கறுப்புத் துணியில் சுருட்டி ஓரமாக வைத்து, பொருள்களை நிதானமாக அடுக்கி, கம்பளியால் போர்த்தி, நான்கு பேர் தூக்கி வந்தோம். கம்பளியை உருவினால் ஒளி, போர்த்தினால் இருள். ஒரு பலகைக்கு 2.4 மீட்டர். இரண்டு பாதிக்கும் நடுவில் சுமார் 70 செ.மீ. அச்சில்லாமல் விட்டோம், தூளி கட்டும்போது கொக்கியில் முடிச்சு விழுந்து தேய்ந்த இடம் அதுதான்.

காற்று இன்னொரு தொல்லை. மாத்திரை அட்டைகள் பறந்தன. புகைப்படச் சட்டத்தின் 8க்கு 10 அங்குலக் கண்ணாடித் துண்டுகளை அவற்றின் மேல் வைத்தபின் சரியானது. முழுச் சேலைக்கும் கண்ணாடி போடலாமே என்று யோசிப்பவர்களுக்கு: 5 மி.மீ. கண்ணாடி 4 அடிக்கு 3 அடியே 14 கிலோ. பலகையோடு மாடியில் தூக்குவதற்கு ஆகாது.

ஊக்கு விஷயம் எதிர்பாராதது. பழைய இரும்பு ஊக்குகள் இருந்த இடத்தில் வெள்ளை நிழலுக்குள் குத்திவிட்டாற்போல் நீலப் புள்ளிகள். துருப்பிடித்த இரும்பு ஃபெரிசயனைடோடு சேர்ந்து தானே நீலம் உண்டாக்குகிறது. ஊக்குகளுக்கு நிறமற்ற நகப்பூச்சு இரண்டு முறை தடவியதும் நின்றது.

அம்மாவின் சேலையில் கலைஞர் பொருள்களைக் குறைத்து, கொசுவத்தை வைத்தே வேலை செய்யச் சொன்னார். ஐந்தங்குல மடிப்பாக ஏழு கொசுவம் வைத்து, அப்படியே வெயிலில் வைத்தோம். புதுத்துணியாக இருந்தால் மேல் மடிப்பு மட்டும் நீலமாகி அடி மடிப்பு வெள்ளையாக நின்றிருக்கும். இதில் இழை தேய்ந்த இடங்களில் ஒளி ஊடுருவி, இரண்டாம் மடிப்பிலும் மெல்லிய நீலம் இறங்கியது. உட்கார்ந்து எழுந்து தேய்ந்த பகுதி எது, முந்தானை எது என்று நீலத்தின் அழுத்தமே காட்டிக்கொடுக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் 20 நிமிடம். ஐந்து முயற்சியிலும் மனம் நிறைந்த பலகை இதுதான்.

அலசல்

முதல் சேலையைப் போர்த் தண்ணீரில் கழுவியபோது நீலம் கண்ணெதிரே தளர்ந்தது. மறுநாள் காலையில் நீலத்துக்கு நடுவே துருநிறத் திட்டுகள். அதோடு அது முடிந்தது. இரண்டாவதிலிருந்து 20 லிட்டர் கேன் தண்ணீர். முதல் அலசலில் லிட்டருக்கு 1 கிராம் எலுமிச்சை உப்பு. பிறகு வெறும் தண்ணீர் இரண்டு முறை. ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். தண்ணீரில் மஞ்சள் இறங்குவது நின்றால் போதும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்காதீர்கள். நீலமும் கூடப் போகும். ஒரு சேலைக்குச் சுமார் 70 லிட்டர் ஆனது. உடனே கருநீலம் பார்க்க வேண்டுமானால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு (6 சதவீதம்) லிட்டருக்கு 10 மி.லி. கலந்து முக்கலாம். அவசரமில்லை என்றால் வேண்டாம். காற்று ஒரே நாளில் அதே வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது சேலை நிறத்தில் குறையில்லாமல் வந்தது. தொட்டியிலிருந்து இரு முனையைப் பிடித்துத் தூக்கியபோது நடுவில் ஒரு முழம் கிழிந்தது. பருத்தி நனைந்தால் பலம் குறையாது, கூடும் என்பது உண்மைதான். ஆனால் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்த சேலையின் முழுப் பாரமும் ஏற்கெனவே தேய்ந்த ஒரு கோட்டில் விழுந்தது. அதன்பின் தொட்டியில் முதலில் நைலான் கொசுவலையை விரித்து, அதன் மேல் சேலையைப் போட்டு, வலையைப் பிடித்தே தூக்கினோம். இழுப்பு முழுவதும் வலைக்கு. 350 ரூபாய் வலை மூன்று தலைமுறைச் சேலையைக் காப்பாற்றியது.

பாட்டியின் வெள்ளைச் சேலைக்கு நீலம் வேண்டாம், புகையேறிய கருப்பு வேண்டும் என்றார் கலைஞர். அச்சு விழுந்து இரண்டு நாள் காய்ந்த பின், லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடாக் கரைசலில் போட, ஒன்றரை நிமிடத்தில் நீலம் மறைந்து வெளிறிய காவி மட்டும் நின்றது. உடனே நன்றாக அலசி, 100 கிராம் கடுக்காய்ப் பொடியை 4 லிட்டரில் கொதிக்கவைத்து வடித்து ஆறிய நீரில் முக்கால் மணி நேரம். இரும்பும் கடுக்காயும் சேர்ந்து பழுப்புக் கருப்பு ஏறியது. இரும்புத்துண்டும் வெல்லமும் ஊறிய நீரால் கலம்காரியில் கோடு போடுவதும் இதே சேர்க்கைதான். வெள்ளைப் பகுதியும் பழந்தாள் நிறமாகும். அதைத் தவிர்க்க வழி கிடைக்கவில்லை. இன்னொரு விலையும் உண்டு: இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கருப்பு நாளடைவில் பருத்தியை அரித்துவிடும். இந்தச் சேலையை இனி சொந்த எடையில் தொங்கவிடக்கூடாது.

தொங்கவிட்டதும் நிறம் போனதும்

கொக்கியில் முடிச்சுப் போட்டால்தான் தூளி. ஆனால் முடிச்சு, தேய்ந்த இடத்திலேயே மறுபடி இழுக்கும். 40 மி.மீ. உருளைக் கழி, அதைச் சுற்றி 4 அங்குலப் புதுப் பருத்திப் பட்டையைக் கையால் தைத்து, சேலையின் பாரத்தை அகலம் முழுவதும் பரப்பினோம். முடிச்சின் தோற்றத்துக்குத் தனியாக ஒரு வெற்றுத் துண்டை மேலே கட்டிவிட்டோம்.

துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது அருங்காட்சியகக் கணக்கு. விளக்குகளை அப்படித்தான் அமைத்தோம். கதவை மறந்துவிட்டோம். மாலை வெயில் திறந்த கதவு வழியே அம்மாவின் சேலையில் தினமும் ஒரு மணி நேரம் விழுந்தது. ஒன்பதாம் நாள் அந்தப் பக்கம் வெளிறியது தெரிந்தது. பயந்து இறக்கி, பாலித்தீனில் சுற்றி இருட்டில் வைத்தோம். மூன்று நாளாகியும் மாற்றமில்லை. தவறு பாலித்தீனில்தான். ஒளி பட்டால் இந்த நீலம் நிறமற்றதாக மாறும்; இருட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் அதைத் திரும்ப நீலமாக்குகிறது. காற்றை அடைத்துவிட்டால் எப்படித் திரும்பும்? சுற்றியதைப் பிரித்து, இருட்டறையில் கொடியில் அகலமாகத் தொங்கவிட்டோம். ஐந்து நாளில் பெரும்பகுதி நீலம் வந்துவிட்டது.

இதைக் கேட்டபின் கலைஞர் கண்காட்சியின் ஏற்பாட்டையே மாற்றினார். கதவுக்குத் திரை போட்டார். ஆனாலும் இரண்டு சேலை தொங்கும்போது ஒன்று இருட்டறையில் ஓய்வெடுக்கும். எது எப்போது இறக்கப்பட்டது என்று கழியின் அருகில் தேதி எழுதிவைத்தார். மூன்று கழிகளில் ஒன்று எப்போதும் வெறுமையாக நின்றது. முதலிலேயே இப்படித் திட்டமிட்டிருந்தால் ஆறு கழி செய்திருப்போம்.

செலவு: சிட்ரேட் அரைக்கிலோ 1,450, ஃபெரிசயனைடு அரைக்கிலோ 1,150 (இதில் 160 கிராம்தான் செலவானது, கால்கிலோப் பொட்டலம் போதும்), பிஎச் தாள் 90, எலுமிச்சை உப்பு 160, பெராக்சைடு 60, வலை 350, கடுக்காய் 80, பதினான்கு கேன் தண்ணீர் 560, கழி 900, கொக்கியும் நரம்பும் 420, பாலித்தீன் 600, பட்டையும் நூலும் 250, பழகச் சேலை 120, விளக்கு வாடகை 2,700. மொத்தம் 8,890 ரூபாய்.

சேலைகளை மடித்து வைக்கவில்லை. மடிப்பிலேதான் முதலில் விடும். 4 அங்குலக் குழாயில் வெளுக்காத பருத்தித் துணியைச் சுற்றி, அதன் மேல் சுருட்டுகிறோம். ஆவணங்களுக்கு விற்கும் காரம் சேர்த்த தாளை இடையில் வைக்கக்கூடாது. அந்தக் காரமே நீலத்தைத் தின்னும். பாட்டியின் சேலைக்கு முழுநீள ஒட்டுத்துணி தைக்கிறார்கள், இரண்டு மீட்டர் முடிந்திருக்கிறது. அம்மாவின் சேலை இன்னும் நான்கு நாள் இருட்டறையில் தொங்க வேண்டும். கதவோரப் பக்கத்தில் ஒரு கையகலம் இன்னும் வெளிறியே இருக்கிறது.